1874க்கு முந்தைய ஆண்டு: அலெக்சாண்டர்வோல் சபைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், கெஸல் ஊருக்கு அருகிலுள்ள அலெக்சாண்டர்வோல் மென்னோனைட் திருச்சபையின் மூப்பர்கள், அந்தச் சமவெளியில் மென்னோனைட் மக்களின் வரலாற்றை எழுதியும் காத்தும் வருகின்ற அனைவரும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நியூட்டன் நகரிலிருந்து வடக்கே செல்லும் 15ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில், கெஸல் ஊரைக் கடந்து ஒரு மைல் போனதும் சாலையோரத்தில் உங்கள் வெள்ளை ஆலயம் நிற்கிறது. வேலை நிமித்தமாகக் கான்சாஸில் வாழ்ந்த சில ஆண்டுகளில் அந்தச் சாலையில் பலமுறை சென்றிருக்கிறேன். வண்டியை நிறுத்தி இறங்கியும் நின்றிருக்கிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன், உங்கள் குலவழியில் வந்தவனும் அல்லன். ஆயினும் உங்கள் வரலாற்றை நெடுநாள் படித்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். நிலத்தைப் பற்றிச் சிந்திக்க நான் கற்றுக்கொண்ட மொழி தமிழ் என்பதாலும், நான் சொல்ல வருவதன் மையத்தில் ஒரு தமிழ்ச் சொல் இருப்பதாலும், இம்மடலை முதலில் தமிழில் எழுதி, ஆங்கில வடிவத்தைத் தனியே அனுப்புகிறேன்.

என் வேண்டுகோளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சபை கான்சாஸ் மண்ணில் கால்வைத்த 1874ஆம் ஆண்டைச் சொல்லும் பக்கத்திலேயே, அதற்கு முந்தைய ஆண்டு அந்த மாநிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பூர்வகுடிகளான கா மக்களின் கதையையும் எழுத வேண்டும். அந்தக் கதை வேறொரு நூலிலோ வேறொரு ஊரின் நினைவுச்சின்னத்திலோ மட்டும் இருந்தால் போதாது. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அது இடம்பெற வேண்டும்.

இதை உங்களிடம் கேட்பதற்கு நீங்கள் கவனமாகப் பதிவு செய்யும் மக்கள் என்பதே காரணம். கைப்பட எழுதிய ஒரு குடும்பப் பதிவேட்டை மூன்று நாடுகள் வழியே சுமந்துவந்த சபை உங்களுடையது. இன்றைய போலந்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் ஷ்வெட்ஸ் நகருக்கு அருகிலிருந்த பிஷெகூவ்கோ என்ற சிற்றூரில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பதிவேட்டைத் தொகுக்கத் தொடங்கினார்கள். வேடல், புல்லர், உன்ரூ, ஃபோத், பங்கிராட்ஸ், ராட்ஸ்லாஃப், ஷ்மிட் எனச் சில குடும்பப் பெயர்களே அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ராட்ஸ்லாஃப் குடும்பத்தின் முன்னோர் சுவீடன் நாட்டுப் படைவீரர் என்றும், தன் வாளை ஒரு வேலிக்கம்பத்தில் குத்திவிட்டு வந்து சபையில் சேர்ந்தவர் என்றும் உங்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. அது நடந்ததா என்பதைவிட, அதை நீங்கள் இத்தனை காலம் சொல்லி வருகிறீர்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதற்கதை, ஆயுதத்தைக் கீழே போட்ட ஒருவனின் கதை.

உங்கள் மரபின் வேரை இங்குள்ள தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1525ஆம் ஆண்டு சூரிச்சில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து விசுவாசித்த பெரியவரே அதைப் பெற வேண்டும் என்று கூறி மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள். கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்தச் சபை அரசுகளும் அவர்களை வேட்டையாடின. ஃபிரீஸ்லாந்து நாட்டில் பாதிரியாராக இருந்த மென்னோ சிமன்ஸ் 1536இல் தம் பதவியை விட்டு விலகி, சிதறிக்கிடந்த இம்மக்களை ஒருங்கிணைத்தார்; அவர் பெயராலேயே மென்னோனைட் என்ற பெயர் வந்தது. ஆயுதம் எடுப்பதில்லை, ஆணையிட்டுச் சத்தியம் செய்வதில்லை என்பவை அவர்களின் அடிப்படை ஒழுக்கங்கள். நெதர்லாந்திலிருந்து ஓடியவர்களில் பலர் விஸ்துலா ஆற்றின் சதுப்பு நிலங்களுக்குச் சென்றார்கள். கரை கட்டவும் நீரை வடிக்கவும் தெரிந்தவர்களாக இருந்ததால், போலந்தின் நிலக்கிழார்கள் அவர்களை வரவேற்றார்கள். பிஷெகூவ்கோ சபை அவ்வாறு உருவானது.

1772இல் போலந்து பங்கிடப்பட்டபோது அப்பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போனது. படைச்சேவையிலிருந்து விலக்குப் பெற மென்னோனைட் மக்கள் கூட்டாக ஆண்டுக்கு 5,000 தாலர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்தப் பணம் படைப்பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போனது. 1789ஆம் ஆண்டின் ஆணை, அவர்கள் புதிதாக நிலம் வாங்குவதையே கடினமாக்கியது. ஒரு வயலோடு படைக்கு ஓர் ஆளை அனுப்பும் கடமையும் ஒட்டியிருந்தால், ஆளை அனுப்ப மறுப்பவருக்கு வயல் கிடைக்காது. பிள்ளைகள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. கருங்கடலுக்கு வடக்கே, இன்றைய உக்ரைனில் உள்ள புல்வெளியில் குடியேற ரஷ்யா அழைத்தது. 1789இல் ஹோர்திட்சாவும் 1804இல் மோலோச்னாவும் குடியேற்றங்களாயின.

1820இல் மூப்பர் பீட்டர் வேடல் தலைமையில் பிஷெகூவ்கோ மக்கள் புறப்பட்டார்கள். செல்லும் வழியில் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரை எதிர்கொண்டதும், எங்கே போகிறீர்கள் என்று விசாரித்த அவர் நலமே செல்லுங்கள் என வாழ்த்தியதும் உங்கள் சபை மறவாத நிகழ்ச்சி. 1821இல் மோலோச்னாவில் அமைத்த ஊருக்கு ‘அலெக்சாண்டரின் நல்வாழ்த்து’ என்று பொருள்படும் அலெக்சாண்டர்வோல் என்ற பெயரையே வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 65 தெஸ்யாத்தின் நிலம் என்பது அக்குடியேற்றத்தின் அளவு; நம் கணக்கில் ஏறத்தாழ 175 ஏக்கர்.

அந்த 175 ஏக்கருக்கு அதற்கு முன் என்ன பெயர் இருந்தது என்ற கேள்வி எனக்கு இங்கே எழுகிறது. மோலோச்னா ஆற்றின் இருபுறமும் நோகாய் மக்கள் ஆடும் குதிரையும் மேய்த்து வாழ்ந்தார்கள். கிரீமியக் கானரசு ரஷ்யாவிடம் வீழ்ந்த பின்னரே அந்தப் புல்வெளி பேரரசின் கையிருப்பு நிலமாகி, பங்கிட்டுக் கொடுக்கத் தக்கதாயிற்று. உங்கள் முன்னோர் எவரும் அதற்காக வாளெடுக்கவில்லை, வாளெடுத்தவர் பேரரசர். மோலோச்னாவின் பெரும் வேளாண் தலைவரான யோஹான் கோர்னிஸ் நோகாய் மக்களோடு ஆடு வளர்ப்பில் பங்கு முறை ஏற்பாடுகள் செய்தார். அவர்களுக்கென ஒரு மாதிரி ஊரையும் அமைக்க முயன்றார். அதை நல்லெண்ணம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கிரீமியப் போருக்குப் பின் 1860ஐ ஒட்டி, நோகாய் மக்கள் பெருந்திரளாக ஒட்டோமான் பேரரசுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களில் பல்கேரியக் குடியேறிகளும் பிறரும் அமர்த்தப்பட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து உங்கள் முன்னோரும் அதே புல்வெளியை விட்டுப் புறப்பட்டார்கள்.

அந்தப் புறப்பாட்டின் காரணங்களை நீங்கள் நன்கறிவீர்கள். எல்லோருக்கும் கட்டாயப் படைச்சேவை என்ற சட்டம் 1874 ஜனவரியில் வந்தது. அதோடு, மோலோச்னாவில் நிலமற்ற குடும்பங்கள் பாதிக்கும் மேலாகப் பெருகியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனச்சான்று, நிலப்பசி இரண்டும் ஒரே வண்டியில்தான் ஏறின. அப்படிச் சொல்வதால் மனச்சான்றின் மதிப்பு குறைந்துவிடாது. 1873இல் வட அமெரிக்காவைப் பார்த்துவரப் பன்னிரண்டு தூதர்கள் சென்றார்கள். உங்கள் மூப்பர் ஜேக்கப் புல்லர் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு படைத்தலைவர் தோத்லெபென் வந்து, இருந்துவிடுங்கள் என்று பேரரசின் சார்பில் கேட்டுக்கொண்டார். இருக்க முடிவு செய்தவர்களுக்குப் படைச்சேவைக்கு மாற்றாகக் காடு வளர்ப்புப் பணி வழங்கப்பட்டது. ஆயினும் அலெக்சாண்டர்வோல் சபை ஏறக்குறைய முழுமையாகவே புறப்பட்டது. சுமார் 800 பேர். புல்லரின் பிரிவு சிம்பிரியா கப்பலிலும், டீட்ரிச் கெடெர்ட்டின் பிரிவு தியூட்டோனியா கப்பலிலும் வந்தன. 1874 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அவை நியூயார்க்கில் கரைசேர்ந்தன. கெடெர்ட்டின் பிரிவு மேற்கே சென்று ஹோஃப்நுங்சாவ் சபையாயிற்று. புல்லரின் பிரிவு ஊர்ப் பெயரைத் தன்னோடு வைத்துக்கொண்டது. கப்பலில் வந்திறங்கிய பொருள்களில் அந்தப் பதிவேடும் இருந்தது.

அந்தக் கோடையில்தான் கான்சாஸை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்திருந்தன. பழைய குடியேறிகள் பலர் வண்டிகட்டிக் கிழக்கே திரும்பிக்கொண்டிருக்க, உங்கள் முன்னோர் கையில் பணத்தோடு வந்து சேர்ந்தார்கள். நெப்ராஸ்காவின் இரயில் நிறுவனமும் கான்சாஸின் சாண்டா ஃபே இரயில் நிறுவனமும் அவர்களைப் பிடிக்கப் போட்டி போட்டன. சாண்டா ஃபேயின் குடியேற்ற முகவர் சி. பி. ஷ்மிட் ஜெர்மன் மொழி பேசுபவர்; போட்டியில் அவர் வென்றார். மென்னோனைட் மக்களைப் படைச்சேவையிலிருந்து விலக்கும் சட்டத்தைக் கான்சாஸ் சட்டமன்றம் 1874இல் இயற்றியிருந்தது. முதல் குளிர்காலத்தைக் கழிக்க, சுமார் 200 அடி நீளமுள்ள குடியேற்றக் கொட்டகைகளை நிறுவனம் கட்டிக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு மூலை எனப் பலகைகளாலும் துணியாலும் தடுத்து, பலர் ஒன்றாக வாழ்ந்தார்கள். எட்டு சிற்றூர்களாகப் பிரிந்து, தெருவின் இருபுறமும் வீடு, பின்னால் நீண்ட பட்டைகளாக வயல் என்று மோலோச்னாவின் அமைப்பையே மீண்டும் உருவாக்கப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது கலைந்தது. சதுர மைல்களாகப் பகுத்து விற்கப்பட்ட நிலத்தில், ஒவ்வொருவரும் தம் சொந்த வயலின் நடுவே வீடு கட்டிக்கொண்டு பிரிந்தார்கள். கூடி வாழ்ந்த ஊர் போய், கூடிவரும் ஆலயம் மட்டும் எஞ்சியது. 1886இல் எழுந்த அந்த ஆலயமே, 1928இல் மாற்றியமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

இனி அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ‘புறம்போக்கு’ என்றொரு வகை உண்டு. எவர் பெயரிலும் பட்டா இல்லாத, தீர்வை விதிக்கப்படாத நிலம் அது. மேய்ச்சல் நிலம், மந்தைவெளி, வண்டிப்பாதை, ஏரி உள்வாய், சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். ஊரே அதைப் பயன்படுத்தும். தாளில் மட்டும் அது ஊராருடையது இல்லை. அரசு ஒருநாள் அதை யாருக்கேனும் எழுதிக் கொடுத்தால், வாங்கியவர் கையில் இருக்கும் பத்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. அங்கே மாடு மேய்த்தவர் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. பொய் சொல்லாமலே ஒரு தவறு நடந்து முடிந்துவிடும். உங்கள் சபை வாங்கிய நிலத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

1863இல் கூட்டாட்சி அரசு, இரயில் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண்ணுள்ள சதுர மைல்களைச் சாண்டா ஃபே நிறுவனத்துக்கு மானியமாக ஒதுக்கியது. மொத்தம் சுமார் 30 லட்சம் ஏக்கர். அதை விற்றுத்தான் நிறுவனம் இரயில் பாதைக்குப் பணம் தேடியது. உங்கள் முன்னோர் வாங்கியது அந்த நிலத்தை. அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள், பத்திரத்தைப் பெற்றார்கள், உழைத்தார்கள். இதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த மாநிலத்தின் பெயரே ஒரு மக்களின் பெயர். கான்சா என்றும் கா என்றும் அழைக்கப்படும் அவர்கள், காட்டன்வுட் ஆற்றின் பக்கமும் அதற்கு மேற்கேயும் எருமை வேட்டைக்குச் சென்று வந்தவர்கள். 1825இல் ஓர் ஒப்பந்தம் அவர்களின் நிலத்தில் பெரும்பகுதியை எடுத்தது. 1846இல் இன்னொன்று, கவுன்சில் குரோவ் அருகே நீளமும் அகலமும் இருபது மைலான ஒரு சதுரத்துக்குள் அவர்களை ஒதுக்கியது. 1859இல் மற்றொன்று அந்தச் சதுரத்தையும் ஒன்பதுக்குப் பதினான்கு மைலாகச் சுருக்கியது. 1872 மே மாதம் அமெரிக்கப் பேரவை அவர்களை அங்கிருந்தும் அகற்றச் சட்டம் இயற்றியது. 1873 ஜூன் 4 அன்று, 500க்கும் மேற்பட்டோர் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டார்கள். பயணம் 17 நாள்.

சிம்பிரியா கப்பல் நியூயார்க்கை அடைந்தது அதற்குப் பதினைந்தாம் மாதத்தில். கவுன்சில் குரோவ் உங்கள் ஆலயத்திலிருந்து வடகிழக்கே இன்றைய சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு. காலத்தில் பதினைந்து மாதமும் தூரத்தில் ஒரு மணி நேரமும் மட்டுமே இடைவெளி உள்ள இரண்டு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன. குடியேற்றக் கதைகளில் அடிக்கடி வரும் ‘வெற்றுப் புல்வெளி’ என்ற தொடர்தான் அவற்றுக்கு நடுவே நிற்கிறது. அந்தப் புல்வெளி தானாக வெறுமையானதல்ல. அது வெறுமையாக்கப்பட்ட தேதி நமக்குத் தெரியும்.

கா மக்களின் தலைவர் அல்லேகவாஹோ வெளியேற்றத்துக்கு முன்பு அரசின் பிரதிநிதிகளிடம் பேசியது பதிவாகியிருக்கிறது. வான்கோழிக் கூட்டத்தைப் போல எங்களை விரட்டுகிறீர்கள், ஓர் ஓடைக்கரையிலிருந்து கிளம்பி இன்னோர் ஓடைக்கரையில் இறங்கி அமரும்போதே மறுபடியும் வந்து விரட்டுகிறீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. விஸ்துலாவிலிருந்து மோலோச்னா, மோலோச்னாவிலிருந்து காட்டன்வுட் என்று ஆறு மாற்றி ஆறு பறந்திறங்கிய மக்கள் நீங்கள். அவர் சொன்னது என்னவென்று அந்த மாநிலத்தில் வேறு எவரையும்விட உங்களுக்கே எளிதில் புரிந்திருக்கும். இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் வாய்ப்பு பதினைந்து மாதத்தில் தவறிப்போனது.

தெற்கே சென்றவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்குள் அவர்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 1902இல் ஒரு சட்டம் அவர்களின் கூட்டு நிலத்தைத் துண்டாக்கி அவர்களின் இன அரசையே கலைத்தது. 1959இல்தான் அது மீண்டும் ஏற்கப்பட்டது. 1970களில் ஓர் அணை நிரம்பியபோது அவர்கள் கூடும் மன்றம் இருந்த இடம் நீரில் மூழ்கியது, கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. அவர்களின் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மூத்தோர் 1980களின் தொடக்கத்தில் மறைந்தார்கள். ஒரு மொழி போவது என்ன என்பது தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லாத அச்சம். உங்களுக்கும் அது புதிதன்று. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பேசியதற்காகவும் போர்ப்பத்திரம் வாங்க மறுத்ததற்காகவும் கான்சாஸின் மென்னோனைட் மக்கள் மஞ்சள் வண்ணப் பூச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளானார்கள். அதன்பின் உங்கள் ஆலயங்களில் ஜெர்மன் மெல்லமெல்ல ஓய்ந்தது. வீட்டுக்குள் பேசிய தாழ்ஜெர்மனும் இன்று முதியோரின் மொழியாகிவிட்டது.

நிலத்தின் வழியாக நிகழாத சந்திப்பு, ஊழியத்தின் வழியாகப் பின்னர் நிகழ்ந்தது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் இம்மடல் நேர்மையாக இராது. மோலோச்னாவின் அலெக்சாண்டர்வோலில் 1855இல் பிறந்து, 1874இல் உங்களோடு வந்தவர் ஹைன்ரிச் ஃபோத். அவர் 1882இல் இன்றைய ஓக்லஹோமாவிலுள்ள டார்லிங்டன் சென்று பூர்வகுடிகளான அரபஹோ மக்களிடையே மிஷனரியாக ஊழியம் செய்தார். 1893 முதல் 1902 வரை அரிசோனாவின் ஒராய்பி ஊரில், அங்குள்ள பூர்வகுடிகளான ஹோப்பி மக்களிடையே இருந்தார். அவர் ஹோப்பி மொழியைக் கற்றார். சடங்குகளை நுணுக்கமாக எழுதிவைத்தார். அவர் எடுத்த புகைப்படங்களையும் அவர் எழுதிய குறிப்புகளையும் இன்றும் ஆய்வாளர்கள் தேடிச் செல்கிறார்கள். ஆனால் வெளியார் நுழையக் கூடாத கிவா என்னும் சடங்கறைகளுக்குள் அவர் அழையாமல் நுழைந்தார் என்பதும், புனிதப் பொருள்களைத் திரட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார் என்பதும், ஹோப்பி மக்கள் தலைமுறைகள் கடந்தும் ஆறாத மனக்காயத்தோடு சொல்லிவந்தவை. மேட்டின் மேல் அவர் கட்டிய ஆலயம் பின்னர் மின்னல் தாக்கி இடிபாடாகக் கிடக்கிறது. தன் பதிவேட்டைக் கண்போல் காத்த சபையின் மைந்தர் ஒருவர், இன்னொரு மக்களின் காக்கப்பட்ட பொருள்களைப் பெயர்த்தெடுத்தார் என்ற முரண் என்னை நெடுநாள் வருத்தியிருக்கிறது. அவரைப் பற்றிய உங்கள் பக்கத்தை ஹோப்பி மக்களின் சொல்லும் சேர்ந்து எழுதப்பட்ட பக்கமாகப் பார்க்க விரும்புகிறேன்.

உங்கள் வரலாற்றில் பெருமைப்பட வேண்டியவை எத்தனையோ உண்டு. அவற்றைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரஷ்யாவிலிருந்து கான்சாஸுக்கு வந்த துருக்கிச் செங்கோதுமையின் கதை அவற்றுள் ஒன்று. குழந்தைகள் ஒவ்வொரு விதையாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த காட்சி அழகானதுதான். ஆனால் அது பரவியதற்கு ஹால்ஸ்டெட் ஆலை உரிமையாளர் பெர்ன்ஹார்ட் வார்கன்டின் பின்னாளில் பெருமளவில் இறக்குமதி செய்த விதையும் பெரும் காரணம். என் மனத்தில் அதைவிட உயர்ந்து நிற்பது வேறொன்று. 1920இல் அமெரிக்காவின் மென்னோனைட் சபைகள் ஒன்றுகூடி மென்னோனைட் மையக் குழுவை அமைத்தன. 1922இல், பஞ்சத்தில் வாடிய உக்ரைன் ஊர்களில் சமையற்கூடங்களைத் திறந்தன. உழவு மாடும் குதிரையும் அழிந்துபோன வயல்களுக்கு ஐம்பது ஃபோர்ட்சன் டிராக்டர்களைக் கப்பலில் அனுப்பின. தாங்கள் விட்டுவந்த ஊரை அவர்கள் மறக்கவில்லை. தங்களுக்கு முன் அந்த ஊரை விட்டுப்போன நோகாய் மக்களையும், தாங்கள் வந்த ஊரிலிருந்து போன கா மக்களையும் நினைக்கச் சொல்வது, அந்தப் பழக்கத்தை இன்னும் சிறிது தூரம் நீட்டச் சொல்வதுதான்.

இது நடக்கக்கூடியது என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. கா மக்கள் புனிதமாகப் போற்றிய 28 டன் எடையுள்ள செம்பாறை ஒன்றை 1929இல் லாரன்ஸ் நகரத்தார் ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய், தங்கள் நகரை நிறுவிய குடியேறிகளின் நினைவுச்சின்னமாக நட்டு, அவர்களின் பெயர்ப்பலகையை அதில் பதித்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து நகர நிர்வாகமே அதைத் திருப்பிக் கொடுத்தது. 2024இல் அது கவுன்சில் குரோவ் அருகே, கா மக்கள் தாங்களே விலைகொடுத்து வாங்கி அல்லேகவாஹோவின் பெயரில் அமைத்த பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் கான்சாஸ் வந்த நூற்றைம்பதாம் ஆண்டும் அதுவே. பாறையை நகர்த்தப் பாரந்தூக்கிகள் வேண்டியிருந்தன. நான் உங்களிடம் கேட்பது சில பக்கங்கள்.

அந்தப் பக்கங்களை நீங்களே எழுதிவிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோளில் அடங்கும். கா மக்களின் அரசு இன்று ஓக்லஹோமாவில் இயங்குகிறது. அவர்களுக்கென வரலாறு எழுதுவோரும், மொழியை மீட்டெடுக்க உழைப்போரும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே பதிக்க வேண்டுகிறேன். கெஸல் ஊர் என்பது 1895இல் எல்பே கப்பலோடு மூழ்கிய தலைமாலுமியின் பெயரைத் தாங்கிய ஊர். கண்டிராத ஒரு கடலோடியின் பெயரைத் தம் ஊருக்குச் சூட்டி இன்றும் சொல்லிவரும் மக்களுக்கு, அல்லேகவாஹோவின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது கடினமாக இராது என்று நம்புகிறேன்.

ஆலயத்தின் வரலாற்றை அடுத்தமுறை அச்சிடும்போது, கான்சாஸ் அத்தியாயத்தின் முதல் வரியில் சிம்பிரியா கப்பல் கரைசேர்ந்த நாளுக்கு முன்பாக, 1873 ஜூன் 4 என்ற தேதி இருக்கட்டும். மோலோச்னா அத்தியாயத்தின் முதல் வரியில் நோகாய் மக்களின் பெயர் இருக்கட்டும். அந்த மோலோச்னா வட்டாரம் 2022 முதல் மீண்டும் ஒரு படையெடுப்பின் பிடியில் இருக்கிறது. அங்கிருந்தும் மக்கள் இப்போது பெட்டிகளோடு வெளியேறியிருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்து, எங்கள் ஊர் உங்கள் ஊராக இருந்ததாமே என்று கேட்டால், எடுத்துக் காட்ட உங்களிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. கா மக்களின் பிள்ளைகள் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போதும் எடுத்துக் காட்ட ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

மிக்க மதிப்புடன்,
உங்கள் சாலையில் பலமுறை நின்று சென்ற ஒரு தமிழ் வாசகன்